கனகாம்பாள் கேம்ப்புக்குப் போன கதை

கனகாம்பாளுக்கு எதைப் பார்த்தாலும் முதலில் குறைதான் கண்ணில் படும். காக்களூர் தொழிற்பேட்டையில் சுவிட்ச் செய்யும் ஒரு கம்பெனியில் அவளுக்கு வேலையே அதுதான். இருபத்தாறு வருஷமாக அவள் முன்னால் ஓடும் பெல்ட்டில் வெள்ளை வெள்ளையாக சுவிட்ச் மூடிகள் வந்துகொண்டே இருந்தன. விளிம்பில் மயிரிழை விரிசல், நிறத்தில் துளி மஞ்சள், ஓட்டையில் ஒட்டிய பிசிறு, எதுவானாலும் அவள் விரல் தானாகப் போய் அதை எடுத்துச் சிவப்புத் தொட்டியில் போட்டுவிடும். கம்பெனி அதற்குச் சம்பளம் கொடுத்தது. கம்பெனிக்கு வெளியே அதே வேலையை அவள் இலவசமாகச் செய்தாள்.

கல்யாண வீட்டுக்குப் போனால் ரசத்தைத் தொட்டு நக்கிவிட்டு, "சமையல்காரன் பெருங்காய டப்பாவ உள்ள தவற வுட்டுட்டான் போல" என்பாள். எதிர்வீட்டில் புதிதாக அடித்த பெயிண்ட்டைப் பார்த்து, "ஆஸ்பத்திரி மாதிரி கீது, ஒரு நர்ஸ் மட்டும்தான் பாக்கி" என்பாள். திருப்பாச்சூரை ஒட்டிய அந்த ஊரில் அவள் வாய்க்குப் பயந்தே பலர் அவளுக்கு மரியாதை கொடுத்தார்கள். அவளும் அதை மரியாதை என்றே எடுத்துக்கொண்டாள்.

அவள் புருஷன் பரசுராமன் ஏரிப் பாசனத்தில் இரண்டு ஏக்கர் நெல் வைக்கிறவர். பேச்சு குறைவு. கனகாம்பாள் திட்டினால் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வயலுக்குப் போய்விடுவார். ஒரே பெண் பூமிகா. காலேஜ் முடித்துவிட்டுத் திருவள்ளூரில் ஒரு ஆடிட்டர் ஆபீசுக்குப் போய்க்கொண்டிருந்தாள்.

இவர்கள் குடும்பத்துக்குள் கேம்பிங் என்கிற வியாதியைக் கொண்டுவந்தவன் வசந்தகுமார். கனகாம்பாளின் தங்கை ரம்யாவைக் கட்டியவன். செவ்வாப்பேட்டையில் வீடு, கும்மிடிப்பூண்டியில் ஒரு பெரிய தொழிற்சாலையில் எச்.ஆர். வேலை. ஆட்களை வேலைக்கு எடுப்பதும் அனுப்புவதும் அவன் பொறுப்பு. மூன்று வருஷத்துக்கு முன்னால் கம்பெனிச் செலவில் ஏதோ மலைக்கு இரண்டு நாள் கூட்டிப்போய், கூடாரத்தில் படுக்கவைத்து, கயிறு இழுக்கவைத்து அனுப்பினார்கள். போகும்போது சாதாரண மனுஷனாகப் போனவன் ஞானம் பெற்றவனாகத் திரும்பி வந்தான். அதன் பிறகு அவன் வாயில் வேறு பேச்சே கிடையாது. கூடாரம் வாங்கினான். மடக்கு நாற்காலி வாங்கினான். நெற்றியில் கட்டிக்கொள்ளும் விளக்கு வாங்கினான். கழுத்தில் தொங்கவிட ஒரு விசில் வாங்கினான். 'காற்றோடு கலப்போம்' என்று வாட்ஸ்அப் குரூப் ஒன்று ஆரம்பித்து, தினமும் காலையில் ஏதாவது ஒரு மலையின் படத்தை அதில் போட்டான்.

"ஊட்டுக்குள்ள ஏசி போட்டு, ஜன்னல இறுக்கிச் சாத்திகினு, காத்தோட கலப்போம்னு மெசேஜ் அனுப்பறான் பாரு" என்றாள் கனகாம்பாள், பூமிகாவின் போனை எட்டிப் பார்த்து.

முதல் தடவை அவளை இழுத்துப் போனது பொங்கல் கழிந்த ஞாயிற்றுக்கிழமை. பூண்டி ஏரிக்கரை. வசந்தகுமார் குடும்பம், அவனோடு வேலை பார்க்கும் எபினேசர் குடும்பம், இவர்கள் மூன்று பேர். ரம்யா போன் மேல் போன் போட்டு, "நீ வரலன்னா நானும் போ மாட்டேன்க்கா" என்று அழாத குறையாகக் கேட்டதால் கனகாம்பாள் கிளம்பினாள். கிளம்புவதற்கு முன்னால் புளிசோறு கிளறிக் கொண்டுவரட்டுமா என்று கேட்டாள்.

"வேணாம் அண்ணி. வீட்டுச் சாப்பாடு எடுத்துகினு போனா கேம்பிங்னு எப்படிச் சொல்றது? அங்கியே நெருப்பு மூட்டிச் சமைக்கிறோம். அந்த ஃபீலே தனி" என்றான் வசந்தகுமார்.

கனகாம்பாள் சரி என்று சொல்லிவிட்டாள். புளிசோறு மட்டும் இல்லை, ஒரு முறுக்குத் துண்டைக்கூட அவள் எடுத்துக்கொள்ளவில்லை.

ஏரிக்கரையில் வசந்தகுமார் கூடாரத்தைப் பிரித்துப்போட்டு, போனில் வீடியோ பார்த்துப் பார்த்து ஒரு மணி நேரம் அதோடு மல்லுக்கட்டினான். அது ஒரு பக்கம் நிமிர்ந்தால் மறு பக்கம் படுத்தது. கனகாம்பாள் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து, "மாடு கன்னு போடறாப்புல கீது" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். கடைசியில் பரசுராமன் ஒரு கல்லை எடுத்து நாலு முளையையும் சாய்வாக அடித்தார். ஐந்து நிமிஷத்தில் கூடாரம் நின்றது. வசந்தகுமார் அதன் முன்னால் ஐஸ் பெட்டி மேல் ஒரு காலைத் தூக்கி வைத்து, கழுத்தை நீட்டி செல்ஃபி எடுத்தான்.

அடுத்து கரி பற்றவில்லை. கரியின் மேல் எண்ணெய் ஊற்றினான், அட்டையால் விசிறினான், எபினேசரை ஊதச் சொன்னான். எபினேசர் ஊதி ஊதிக் கண் சிவந்து போய் ஒரு மரத்தடியில் உட்கார்ந்துவிட்டார். மூன்று மணிக்குக் கோழி வெளியே கறுப்பாகவும் உள்ளே ரோஜா நிறமாகவும் வந்தது. குழந்தைகள் அழ ஆரம்பித்தன.

"அக்கா, நீ ஏதாச்சும் கொண்டாந்து இருப்பியே" என்று ரம்யா அவள் பையைப் பார்த்தாள்.

"கொண்டாராதீங்கன்னு சொன்னாரு, கொண்டாரல."

"சும்மா சொல்லாதக்கா."

"பையத் தொறந்து பாரு. துண்டும் தண்ணி பாட்டிலும்தான் கீது. ஃபீல் கெட்டுடும்னு சொன்னாரே, நான் எதுக்கு அதக் கெடுக்கணும்."

அவளுக்கும் பசி வயிற்றைக் கிள்ளியது. ஆனால் வசந்தகுமாரின் முகத்தைப் பார்ப்பது ஒரு முழுச் சாப்பாட்டுக்குச் சமமாக இருந்தது. பரசுராமன்தான் இரண்டு கிலோமீட்டர் நடந்து போய் பன்னும் வாழைப்பழமும் வாங்கிவந்தார்.

பன் தின்ற தெம்பில் வசந்தகுமார் விசில் ஊதினான். விளையாட்டு நேரமாம். சிரிப்பதற்கும் குதிப்பதற்கும் விசில் ஊதி நேரம் சொல்லும் மனுஷனைக் கனகாம்பாள் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தாள். அவன் ஆபீசில் கற்றுக்கொண்டு வந்த விளையாட்டு ஒன்று. ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு அப்படியே பின்னால் சாய வேண்டும், பின்னால் நிற்கிற இருவர் தாங்கிப் பிடிக்க வேண்டும். ஒருவர் மேல் ஒருவருக்கு நம்பிக்கை வருமாம்.

"அண்ணி, முதல்ல நீங்க. உங்க பின்னாடி சகல நிப்பாரு."

"இருவத்தஞ்சு வருசமா அவரு மேலதான் சாஞ்சிகினு கீறேன். இனிமே புச்சா இன்னாத்த சாயறது" என்று கனகாம்பாள் நாற்காலியை இன்னும் தள்ளிப் போட்டுக்கொண்டாள்.

"நான் விழறேன்" என்றார் பரசுராமன்.

எல்லாரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் வேட்டியை மடித்துக் கட்டி, கண்ணை மூடி, கையை மார்பில் குறுக்கே வைத்து, மூன்று எண்ணியதும் கட்டை மாதிரி பின்னால் சாய்ந்தார். இடது பக்கம் எபினேசர் பிடித்தார். வலது பக்கம் நின்ற வசந்தகுமாரோ அந்த நேரம் பார்த்து, வீடியோ ஓடுகிறதா என்று கையிலிருந்த போனைப் பார்த்தான். பரசுராமன் ஒரு பக்கமாகச் சுழன்று, இடுப்பு கல்லில் படும்படி விழுந்தார். அந்த வீடியோ நன்றாகவே பதிவாகியிருந்தது.

இரண்டு வாரம் அவரால் குனிய முடியவில்லை. கதிர் முற்றி அறுவடைக்கு நின்ற நேரம். கனகாம்பாள் லீவு போட்டுவிட்டு, சேற்றில் இறங்கி அறுவடை மிஷின்காரனுக்கு வரப்பைக் காட்டினாள், நெல்லைத் தார்ப்பாயில் கொட்டிக் காயவைத்தாள், காக்கா விரட்டினாள். விரட்டும்போதெல்லாம் வசந்தகுமாரையும் சேர்த்து விரட்டினாள். ஆரஞ்சுப் பழப் பையோடு மன்னிப்புக் கேட்க வந்தவனை வாசலிலேயே நிறுத்தி, "நம்பிக்கை வந்துச்சா தம்பி?" என்று கேட்டாள். அவன் பையை அங்கேயே வைத்துவிட்டுப் போனான். இனி கேம்ப், கூடாரம், விசில் என்று யாராவது இந்த வீட்டில் பேசினால் சோறு கிடையாது என்று அறிவித்தாள். பேச்சு நின்றது.

மறுவருஷம் தை மாதம் அறுப்பெல்லாம் முடிந்த பிறகு, ஊத்துக்கோட்டை பக்கம் ஒருவரிடம் நல்ல விதைநெல் இருக்கிறது, பார்த்துவிட்டு வருகிறேன், ஒரு ராத்திரி தங்க வேண்டியிருக்கும் என்று சொல்லிவிட்டுப் பரசுராமன் சனிக்கிழமை காலையில் கிளம்பினார். பூமிகாவும் ஆபீஸ் தோழி வீட்டுக்கு என்று கிளம்பினாள். கனகாம்பாள் சந்தேகப்படவில்லை. புருஷனுக்குப் பொய் சொல்லும் அளவுக்குச் சாமர்த்தியம் உண்டு என்று அவள் நினைத்ததே இல்லை.

திங்கட்கிழமை சாப்பாட்டு இடைவேளையில், பக்கத்து பெல்ட்டில் வேலை பார்க்கும் பானு போனை நீட்டினாள். அவளிடம் ரம்யாவின் நம்பர் இருந்தது. "கனகாக்கா, உங்க தங்கச்சி ஸ்டேட்டஸ் பாத்தீங்களா? அண்ணன் சூப்பரா கீறாரு" என்றாள்.

ஆந்திரா பக்கத்து மலையடிவாரம். பின்னால் ஓடை. பரசுராமன் யாருடைய கறுப்புக் கண்ணாடியையோ மாட்டிக்கொண்டு, இடுப்பு வரை கோணிப்பைக்குள் நின்று, இரண்டு கையாலும் பையைத் தூக்கிப் பிடித்தபடி ஒரு முழம் உயரத்தில் அந்தரத்தில் இருந்தார். வாய் காது வரை திறந்திருந்தது.

கனகாம்பாள் படத்தை விரலால் பெரிதாக்கினாள். பழக்க தோஷம், குறை தேடினாள். கிடைத்தது. மேல்வரிசையில் இடது பக்கம் ஒரு கடைவாய்ப் பல் இல்லை. அது எப்போது விழுந்தது என்று அவளுக்குத் தெரியாது. இருபத்தாறு வருஷம் கூடவே இருந்தவளுக்கு, அந்த ஆள் அந்த அளவுக்கு வாயைத் திறந்து சிரித்துப் பார்த்த ஞாபகம் வரவில்லை. போனைப் பானுவிடம் கொடுத்துவிட்டு டப்பாவை மூடினாள். அன்று மதியம் அவள் பெல்ட்டில் இரண்டு விரிசல் மூடிகள் அவளைத் தாண்டிப் போய்விட்டதாக மேஸ்திரி வந்து சொன்னான்.

சாயந்திரம் வீட்டுக்கு வந்து முகம் கழுவினாள். பரசுராமன் விதைநெல் மூட்டையைப் பிரித்துக்கொண்டிருந்தார். சாட்சிக்காக எங்கோ வாங்கியிருந்தார்.

"ஊத்துக்கோட்டையில கோணி ஓட்டமெல்லாம் வெக்கிறாங்களா?" என்று கேட்டாள்.

அவர் கை நின்றது.

"வெச்சாங்க" என்றார். "நான்தான் பஸ்ட்டு."

"இடுப்பு ஒடிஞ்சி கெடந்தது மறந்துபூட்சா?"

"மறக்கல."

"அப்பால எதுக்குப் போனே? அந்த விசிலு ஊதற நாய்க்கு மூள இல்ல, உனக்கும் இல்லியா? நல்ல பாய்ல படுக்கத் தெரியாம, கொசுகடியில, கல்லு மேல படுத்துகினு..."

"கனகா" என்றார். அவர் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிடுவது அபூர்வம். "அங்க நான் இன்னா பண்ணாலும் கை தட்றாங்க. ஸ்பூன்ல வெச்ச எலுமிச்சம்பயத்த கீழ போட்டாலும் கை தட்றாங்க. இங்க நான் ஒரு சொம்புத் தண்ணி எடுத்தாந்து குடுத்தாக்கூட நீ ஒரு நொட்ட சொல்றே. அதான் போனேன்."

சொல்லிவிட்டு வழக்கம்போலத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். அவர் இவ்வளவு நீளமாகப் பேசியதைக் கேட்ட பூமிகா சமையல்கட்டிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

மூன்று நாள் கனகாம்பாள் வீட்டில் யாரையும் எதுவும் சொல்லவில்லை. தட்டில் உப்பு இல்லாத பொரியல் வந்தபோதுகூடப் பேசாமல் தின்றாள். அந்த மூன்று நாளும் பூமிகா பயந்துபோய் ரம்யாவுக்குத் திரும்பத் திரும்பப் போன் செய்தாள். நாலாம் நாள் காலையில் கனகாம்பாள் தலை வாரிக்கொண்டே, "அடுத்த வாட்டி நானும் வர்றேன்னு உங்க சித்தப்பாகிட்ட சொல்லு. அப்படி இன்னாத்த கிழிக்கிறாங்கன்னு பாத்துட்டு வர்லாம்" என்றாள். வருத்தப்பட்டு இறங்கி வந்துவிட்டாள் என்று யாராவது நினைத்திருந்தால் அது அவர்கள் தப்பு. தன்னால் ஆகாத ஒன்று ஒரு விசில்காரனால் எப்படி ஆனது என்று கண்டுபிடிக்காமல் அவளால் இருக்க முடியவில்லை.

இந்த வருஷம் பழவேற்காடு. ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் நீளும் மணல்திட்டு. படகில் அழைத்துப்போய் இறக்கிவிட்டவர் கலியன். ஏரியில் இறால் பிடிக்கிறவர், ஐம்பது வயதிருக்கும். கரையில் இறங்கியதும் வசந்தகுமார் எல்லாருக்கும் மஞ்சள் டி-ஷர்ட் கொடுத்தான். முதுகில் 'இயற்கையின் குழந்தைகள்' என்று அச்சடித்திருந்தது. கனகாம்பாள் அதைப் புடவைக்கு மேலேயே மாட்டிக்கொண்டாள். கேஸ் சிலிண்டருக்கு உறை போட்டதுபோல இருக்கிறது என்று தன்னைப் பற்றியே தோன்றியது. சொல்லவில்லை.

சொல்லாததற்குக் காரணம், வசந்தகுமார் வாசித்த விதிமுறைகள். முதல் விதியே இதுதான்: "இந்த ரெண்டு நாளும் யாரும் நெகட்டிவ்வாப் பேசக் கூடாது. பேசினா விசில் அடிப்பேன். மூணு விசில் வாங்கினவங்க எல்லார் பாத்திரமும் கழுவணும்." வாசிக்கும்போது அவன் பேப்பரைப் பார்த்தான். மற்றவர்கள் எல்லாரும் கனகாம்பாளைப் பார்த்தார்கள்.

"நான் வாயே தொறக்கல தம்பி" என்றாள் அவள்.

மூன்று கூடாரங்களையும் அவன் தண்ணீரை ஒட்டிய மணலில் அடிக்கச் சொன்னான். அங்கிருந்து சூரியன் உதிப்பது நேராகத் தெரியுமாம். படகைத் தள்ளப் போன கலியன் திரும்பி வந்தார்.

"இங்க வேணாம் சார். பௌர்ணமி நெருங்குது. பொழுது சாஞ்சா தண்ணி இது வரிக்கும் ஏறும். அதோ அந்தச் சவுக்குத் தோப்பாண்ட போயிடுங்க."

"அங்க வியூ இல்லியேங்க."

"வியூ இல்ல. தண்ணியும் இல்ல."

"நாங்க பாத்துக்கறோம் நைனா" என்று வசந்தகுமார் அவர் தோளில் தட்டினான். கலியன் கூடாரத்தையும் மஞ்சள் சட்டைகளையும் ஒரு சுற்றுப் பார்த்தார். பிறகு கனகாம்பாளைப் பார்த்தார். இந்தக் கூட்டத்தில் விஷயம் புரிந்த ஆள் இவள்தான் என்று எப்படியோ அவருக்குத் தெரிந்தது. அவள் உதட்டின் மேல் விரலை வைத்து, வானத்தைப் பார்த்தாள். அவர் சிரித்துக்கொண்டே படகேறினார்.

நாலு மணிக்கு ஊமை நடிப்பு விளையாட்டு. எபினேசர் சீட்டுகளில் மிருகம், பறவை, தொழில் என்று எழுதி ஒரு தொப்பியில் போட்டிருந்தார். சீட்டை எடுத்தவர் பேசாமல் நடித்துக் காட்ட வேண்டும், மற்றவர்கள் கண்டுபிடிக்க வேண்டும். வாயைத் திறக்காமல் ஆடுகிற ஆட்டம் என்பதால் அண்ணிக்கு ஏற்றது என்று வசந்தகுமார் அவளையே முதலில் எழுப்பினான்.

கனகாம்பாள் சீட்டைப் பிரித்துப் படித்தாள். மடித்து டி-ஷர்ட் பைக்குள் வைத்தாள். மணலில் நாலடி நடந்துபோய் நின்றாள். கழுத்தை நீட்டினாள். ஒரு காலை மட்டும் மெதுவாக மடக்கி, ஐஸ் பெட்டி ஒன்றின் மேல் வைப்பதுபோல வைத்தாள். கண்ணை இடுக்கித் தண்ணீரைப் பார்த்தாள். தலையை ஒரு வெட்டு வெட்டித் திருப்பினாள். பிறகு எதையோ கவனமாகக் கொத்தப் போகிறவள்போல முகத்தைக் கீழே கொண்டுவந்து, உள்ளங்கைக்குள் எதையோ பார்த்து, திருப்தியாகத் தலையாட்டினாள்.

இரண்டு விநாடிதான். ரம்யாவின் பெரிய பெண், "அப்பா, அப்பாதான்" என்று கத்தினாள். "சித்தப்பா" என்றாள் பூமிகா. எபினேசர் மணலில் சாய்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டார். ரம்யாகூட வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள்.

கனகாம்பாள் சீட்டை எடுத்து விரித்துக் காட்டினாள். 'கொக்கு' என்று எழுதியிருந்தது.

"நான் கொக்குதான் பண்ணேன்" என்றாள். "நீங்களா ஏதோ பேரச் சொல்றீங்க. இதுக்கு விசிலு உண்டா தம்பி?"

வசந்தகுமார் சிரிக்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டான். விசில் வாயருகே போய்த் திரும்பி வந்தது.

அதற்குப் பிறகு அவளை உட்காரவிடவில்லை. சீட்டே வேண்டாம், ஆட்களைச் செய்துகாட்டு என்றார்கள். சிக்னல் தேடி மணல்மேட்டில் ஏறி, போனை வானத்துக்கு ஏந்தி நிற்கும் எபினேசரைச் செய்தாள். சாப்பாட்டைத் தின்பதற்கு முன் பதினோரு கோணத்தில் படமெடுத்து, ஆறிய பிறகு ஒரு வாய் வைக்கும் ரம்யாவைச் செய்தாள். இருபத்தாறு வருஷமாகப் பிறத்தியார் குறையைப் பார்த்துப் பார்த்துச் சேர்த்ததெல்லாம் கையும் காலுமாக வெளியே வந்தது. அதையே வாயால் சொல்லியிருந்தால் இந்நேரம் இரண்டு பேர் அழுதிருப்பார்கள். இப்போது மாட்டிக்கொண்டவர்களே தன்னை இன்னொரு தரம் செய்துகாட்டச் சொல்லிக் கேட்டார்கள். இந்த ஜனங்களுக்குச் சூடு சொரணையே கிடையாதா என்று அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. அதே சமயம், உள்ளே ஏதோ ஜிவ்வென்று ஏறியது.

"அண்ணன பண்ணுங்கக்கா" என்றார் எபினேசர்.

அது சுலபம் என்று நினைத்தாள். மணலில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். முன்னால் ஒரு தட்டு இருப்பதுபோலக் கை வைத்தாள். சோற்றைப் பிசைந்து முதல் கவளத்தை எடுத்தாள். வாய்க்குக் கொண்டுபோகும் முன் கையை நிறுத்தி, தலையைத் தூக்காமல் கண்ணை மட்டும் உயர்த்தி, எதிரே நிற்கும் பெண்டாட்டியின் முகத்தைப் பார்த்தாள். பரசுராமன் தினமும் செய்கிறது அதுதான். அதைச் செய்யும்போது அவர் தோள் இரண்டும் காதுப் பக்கம் லேசாக ஏறியிருக்கும். அவளும் தோளை ஏற்றினாள்.

ஏற்றியபோதுதான் அது என்ன என்று அவளுக்குத் தெரிந்தது. அடி விழப் போகிறது என்று தெரிந்தவன் தோள் அப்படித்தான் இருக்கும். இத்தனை வருஷம் அந்தத் தோளை அவள் எதிரிலிருந்து பார்த்திருக்கிறாள், கூன் போடாதே என்று அதையும் திட்டியிருக்கிறாள். அதற்குள்ளே போய் உட்கார்ந்தது இன்றுதான். கவளம் பிடித்த கை அப்படியே நின்றுவிட்டது.

சுற்றியிருந்தவர்கள் அதையும் நடிப்பு என்று நினைத்துக் கைதட்டினார்கள். எல்லாரையும்விடப் பெரிதாகச் சிரித்தவர் பரசுராமன். "கரீட்டு, கரீட்டு, அப்படியேதான்" என்று தொடையைத் தட்டினார். பல் விழுந்த இடம் நன்றாகத் தெரிந்தது. கனகாம்பாள் எழுந்து புடவையில் ஒட்டிய மணலைத் தட்டிவிட்டு, "போதும், தொண்ட வறண்டுபூட்சி" என்றாள். பேசாமல் நடித்தவளுக்கு எப்படித் தொண்டை வறண்டது என்று யாரும் கேட்கவில்லை.

வசந்தகுமார் கொக்கு விஷயத்தில் மனம் நொந்துபோய்க் கூடாரத்துக்குள் போய்ப் படுத்துக்கொண்டிருந்தான். பொழுது சாய்ந்து, ரம்யா டீ போட அடுப்பை மூட்டிய நேரத்தில் உள்ளேயிருந்து ஒரு சத்தம் கேட்டது. காற்றடித்த மெத்தையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு வெளியே வந்தான். கணுக்கால் வரை தண்ணீர். அவன் செருப்பு இரண்டும் கொஞ்சம் தள்ளி ஜோடியாக மிதந்து போய்க்கொண்டிருந்தன.

எல்லாரும் ஓடினார்கள். முளைகளைப் பிடுங்கி, சாமான்களை வாரி, மூன்று கூடாரத்தையும் சவுக்குத் தோப்புக்கு இழுத்தார்கள். கனகாம்பாள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஒரு முனையைப் பிடித்தாள். மறுமுனையில் வசந்தகுமார் இருந்தான். அவள் என்ன சொல்லப் போகிறாளோ என்று முகத்தைப் பார்த்தான். அவனுடைய தோளும் காதுப் பக்கம் ஏறியிருந்ததை அவள் பார்த்தாள். நாக்கு நுனியில் நின்றதை விழுங்கினாள்.

"இப்படி இழுத்தா கிழிஞ்சிடும் தம்பி. சுருட்டிகினு தூக்குங்க" என்றாள்.

முழுசாக விழுங்கிவிட அவள் ஒன்றும் சாமியார் இல்லை. மறுநாள் காலையில் படகு கொண்டுவந்த கலியன் டீ குடிக்க உட்கார்ந்தபோது, செருப்புகள் ஜோடி போட்டுக் கிளம்பிய கதையை அவள் நின்று நிதானமாக, நடித்தே காட்டினாள். விசில் ஒன்றுக்கு மூன்றாக ஊதப்பட்டது. எல்லார் பாத்திரத்தையும் அவளே கழுவினாள். கழுவும்போது பரசுராமன் பக்கத்தில் வந்து குந்தி, மணல் போட்டுத் தேய்த்துக் கொடுத்தார். குண்டானின் அடியில் கரி அப்படியே இருந்தது. கனகாம்பாள் அதைப் பார்த்தாள், வாங்கி அலசிக் கவிழ்த்தாள்.

வீட்டில் பெரிய மாற்றம் ஒன்றும் வந்துவிடவில்லை. அவர் முதல் கவளம் வைக்கும்போது அவள் திரும்பி அடுப்பைப் பார்க்கப் பழகியிருக்கிறாள். ஆரம்பத்தில் இரண்டு நாள் கவனித்துவிட்டு, "உடம்பு சொகமில்லியா?" என்று பரசுராமன் கேட்டார். அவள் வாய் பழையபடிதான் இருக்கிறது, ஆனால் நாளைக்கு ஐந்தாறு தடவையாவது பாதியில் நின்றுவிடுகிறது. கம்பெனியில் சாப்பாட்டு இடைவேளையில் மேஸ்திரியை நடித்துக் காட்டுகிறாள். அதைப் பார்க்கப் பக்கத்துப் பிரிவிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள்.

வசந்தகுமாரை அவள் இன்றைக்கும் மடையன் என்றுதான் நினைக்கிறாள். அவனோ அடுத்த கேம்ப்புக்குப் போட்ட அட்டவணையில் 'நாலு முதல் ஐந்து: அண்ணி நேரம்' என்று அச்சடித்தே கொடுத்தான். "என்ன வெச்சி கூட்டம் சேக்கறான், கில்லாடிப் பையன்" என்று சொல்லிக்கொண்டே அந்தத் தாளை மடித்து இடுப்புப் பையில் வைத்துக்கொண்டாள்.

அந்த கேம்ப் போன மாதம், ஊருக்குப் பக்கத்திலேயே ஒரு மாந்தோப்பில் நடந்தது. புருஷன் பெண்டாட்டி இருவர் காலையும் சேர்த்துக் கட்டி ஓடவிடும் மூன்று கால் ஓட்டத்தில் கனகாம்பாளும் பரசுராமனும் முதல்முறையாகச் சேர்ந்து ஓடினார்கள். பாதி வழியில் அவர் வலது பக்கம் இழுக்க, அவள் இடது பக்கம் இழுக்க, இரண்டு பேரும் ஒரு மாமரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார்கள். கடைசியாக வந்தார்கள். தோற்றது தன்னாலோ அவராலோ இல்லை, கட்டிய துண்டு வழவழத்த துண்டு, கட்டியவனுக்கு முடிச்சுப் போடத் தெரியவில்லை, கோடு கோணலாகக் கிழித்திருக்கிறது என்று நடுவர் எபினேசரோடு அவள் அரை மணி நேரம் சண்டை போட்டாள். பரசுராமன் கால் கட்டை அவிழ்க்காமல், அவள் பேசி முடிக்கிற வரை பக்கத்திலேயே நின்று தலையாட்டிக்கொண்டிருந்தார். மறுபடி ஓடவிட்டார்கள். அப்போதும் கடைசிதான்.